அஸ்தியுருக்கம்

திருமணமாகிக் குலசேகரத்துக்கு வந்தபோது எனக்கு முப்பது வயது நிறைந்திருக்கவில்லை. தக்கலையில் ஒரு தனியார் பள்ளியில் தமிழாசிரியையாக இருந்தேன். கல்யாணத்துக்குப் பிறகும் அந்த வேலையை விடவில்லை. கணவருக்கு ரப்பர் ஷீட் வியாபாரம். சுற்றுவட்டாரத்துத் தோட்டக்காரர்கள் கொண்டுவந்து போடும் ஷீட்டுகளைத் தரம் பார்த்து வாங்கிக் கோட்டயத்துக்கு லாரியில் ஏற்றிவிடுவார். மாதத்தில் சில நாள் அவரும் லாரியோடு போய்த் தங்கிவிட்டு வருவார். வீட்டை ஒட்டியே சரக்கு அடுக்கிவைக்கும் கிட்டங்கி. ஷீட்டுகளோடு, மரத்தில் வடிந்து அப்படியே உறைந்துபோன ஒட்டுப்பாலும் அங்கே சாக்குச் சாக்காகக் கிடக்கும். மழைக்காலத்தில் அதன் வீச்சம் வீடு முழுக்க நிற்கும். வந்த புதிதில் எனக்குச் சோறு இறங்கவில்லை. பிறகு பழகிவிட்டது.

வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான். கணவர், நான், கணவரின் அம்மாவான மாமி. மாமனார் நான் வருவதற்கு வெகுகாலம் முன்பே இறந்துவிட்டார். கணவர் ஒற்றைப் பிள்ளை. மாமி நல்லவர். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இனிச் சொல்லப்போவதில் அவர் கெட்டவராகத் தெரிந்துவிடக் கூடாது. காலையில் நான் பேருந்துக்கு ஓடும் முன்பே சோறும் மீன்கறியும் ஆக்கி டப்பாவில் அடைத்து வைத்திருப்பார். சாயங்காலம் நான் வந்து சேரும்வரை வாசலுக்கும் அடுக்களைக்குமாக நடந்துகொண்டிருப்பார்.

கல்யாணமாகி இரண்டு மூன்று மாதம் ஆகியிருக்கும். ஒரு சனிக்கிழமை, துவைகல்லில் துணி அடித்துக்கொண்டிருந்த மாமி என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"மக்களே, ஒனக்கு வெள்ளை போவுதா?"

எனக்குக் கூச்சமாக இருந்தது. எப்போதாவது போகும் என்றேன். மாதத்தின் நடுவில் சில நாள், கண்ணாடி மாதிரி, வழுவழுவென்று. வயதுக்கு வந்த நாளிலிருந்தே அப்படித்தான். அரிப்போ எரிச்சலோ நாற்றமோ இருந்ததில்லை.

மாமி கையில் இருந்த துணியைப் போட்டுவிட்டு என் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார். "அதான் நீ இப்பிடி எலும்பும் தோலுமாட்டு இருக்க. அது அஸ்தியுருக்கமாக்கும் மக்களே. எலும்பு உருகி உருகிப் போவுது. நாந்தான் கவனிக்காம இருந்துட்டேன்."

அன்றைக்கே வைத்தியம் ஆரம்பமாயிற்று. தண்ணீர்விட்டான் கிழங்கை இடித்துப் பாலில் காய்ச்சித் தந்தார். உளுந்தங்கஞ்சி தந்தார். எல்லாவற்றையும்விட முக்கியமாக ஒன்றைச் சொன்னார்: அது போகிற நாட்களில் கணவரோடு சேரக் கூடாது, சேர்ந்தால் இன்னும் உருகும்.

நான் நம்பினேன். எம்.ஏ. படித்தவள், பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருகிறவள். ஆனால் என் உடம்பைப் பற்றி எனக்கு யாரும் ஒரு வரி சொல்லித் தந்ததில்லை. ஐந்தாவது பீரியடில் கரும்பலகைக்கு முன்னால் நிற்கும்போது இடுப்பு கழன்று விழுகிறாற்போல வலிக்கும். எலும்பு உருகுகிறது என்று நினைத்துக்கொள்வேன். அந்த நாட்களில் பாயை எடுத்துக்கொண்டு மாமியின் அறைக்குப் போய்விடுவேன். கணவர் ஒன்றும் கேட்கமாட்டார். பெண்கள் விஷயம் என்று அவரும் ஒதுங்கிக்கொள்வார்.

முதல் வருடம் அப்படியே கழிந்தது. விசேஷம் உண்டா என்று ஊரில் கேட்கத் தொடங்கினார்கள். இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

இரண்டாம் வருடம் மழைக்காலத்தில்தான் நிஜமான நோய் வந்தது. தக்கலைக்குப் போகும் பேருந்தில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெண், எழுந்து பின்சீட்டுக்குப் போய்விட்டாள். கிட்டங்கி வீச்சம் சேலையில் ஏறியிருக்கிறது என்று நினைத்தேன். வேறு சோப்புத் தூள் வாங்கினேன். சேலைகளை மொட்டைமாடியில் கொண்டுபோய் உலர்த்தினேன். அப்படியும் போகவில்லை. பள்ளிக் கழிப்பறையில் கதவைச் சாத்திக்கொண்டு நின்ற ஒரு மத்தியானம்தான் புரிந்தது, நாற்றம் சேலையில் இல்லை என்று. அங்கே ரப்பரும் இல்லை, மழையும் இல்லை. நான் மட்டும்தான் இருந்தேன்.

நிறமும் மாறியிருந்தது. மஞ்சளும் பச்சையும் கலந்தாற்போல, நுரைத்து. சிறுநீர் போனால் எரிந்தது. அரிப்பு தாங்க முடியாமல் பாடத்தைப் பாதியில் நிறுத்தி, பிள்ளைகளை வாசிக்கச் சொல்லிவிட்டு, மேசைக்குப் பின்னால் கால்களை இறுக்கிக்கொண்டு நிற்பேன்.

மாமியிடம் சொன்னேன். நிறத்தைச் சொன்னேன், நாற்றத்தைச் சொன்னேன். அவருக்கு இரண்டும் ஒன்றுதான். "முத்திப் போச்சு" என்று கிழங்கின் அளவைக் கூட்டினார். நான் என் பங்குக்குக் கடையில் கிருமிநாசினித் திரவம் வாங்கி, வெந்நீரில் கலந்து, காலையும் மாலையும் உள்ளே வரை கழுவினேன். கழுவக் கழுவ எரிச்சல் கூடியது. எரிச்சல் கூடக் கூட இன்னும் கழுவினேன்.

குலசேகரத்து மருந்துக்கடையில் எல்லோருக்கும் என்னைத் தெரியும். அதனால் தக்கலையில் ஒரு கடைக்குப் போனேன். கூட்டம் விலகும்வரை ஓரமாக நின்று, "வெள்ளைபடுதலுக்கு ஏதாவது மாத்திரை இருக்கா?" என்றேன். கடைக்காரர் என் முகத்தைப் பார்க்காமல் ஒற்றை மாத்திரையை எடுத்துக் காகிதத்தில் சுற்றித் தந்தார். என்ன நிறம், என்ன உபத்திரவம், எவ்வளவு நாளாக என்று எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் ஓடியே போயிருப்பேன். அந்த மாத்திரையைச் சாப்பிட்டேன். அரிப்பு கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்தது. பிறகு பழையபடியே ஆயிற்று. மறுபடியும் அதே கடை, அதே மாத்திரை. இப்படியே ஓணம் போய்க் கிறிஸ்துமஸ் வந்துவிட்டது.

நாகர்கோவிலில் ஒரு பெண் டாக்டரிடம் நான் தனியாகத்தான் போனேன். பள்ளி வேலை என்று வீட்டில் சொல்லியிருந்தேன்.

"எங்க அரிக்குது?" என்று கேட்டார்.

"அங்க" என்றேன். தமிழ் சொல்லித் தந்து சம்பளம் வாங்குகிறவள். அதற்கு மேல் எனக்கு ஒரு சொல் கிடைக்கவில்லை.

அவர் பரிசோதித்தார். பஞ்சுக் குச்சியில் எடுத்துக் கண்ணாடித் துண்டில் தடவிப் பக்கத்து அறைக்கு அனுப்பினார். இன்னொரு குச்சியைக் குழாயில் போட்டு மூடி வைத்தார். திரும்பி வந்து உட்கார்ந்ததும், "உள்ள மருந்து ஊத்திக் கழுவுனீங்களா?" என்றார்.

"ஆமா. நாத்தம் போவட்டும்ணு."

"இனி செய்யாதீங்க. உள்ள நல்லது செய்ற கிருமியும் இருக்கும்மா. அதையும் சேத்துக் கொன்னுட்டீங்க. இது அழுக்குல வந்த நோயில்ல, கழுவிப் போக்குறதுக்கு."

பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டார். முன்பு எப்படி இருந்தது என்று கேட்டபோது, மாதத்தின் நடுவில் வழுவழுவென்று போவதையும், அஸ்தியுருக்கம் என்று மாமி மருந்து தந்ததையும், அந்த நாட்களில் தனியாகப் படுத்துக்கொண்டதையும் சொன்னேன். டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டார்.

"எலும்பெல்லாம் உருகாதும்மா. அது எல்லாப் பெண்களுக்கும் உள்ளது. கரு தங்குற நாள் வந்திருக்குன்னு உடம்பு காட்டுற அடையாளம்" என்றார். பிறகு மெதுவாக, "குழந்தை வேணும்னா சேர வேண்டிய நாளே அதுதான்" என்றார்.

நான் அவருடைய மேசையின் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வருடத்துக்கு மேல். மாதா மாதம் அந்த நாட்களை மட்டும் தேர்ந்தெடுத்துப் பாயைச் சுருட்டிக்கொண்டு போயிருக்கிறேன்.

அவர் பேசிக்கொண்டே போனார். தயிர் திரிந்தாற்போலக் கட்டியாக, அரிப்போடு வந்தால் அது பெரும்பாலும் பூஞ்சை. கடைக்காரர் தந்தது அதற்குள்ள மாத்திரை. சாம்பல் நிறத்தில் நீர்த்து, மீன் நாற்றம் வந்தால் அது வேறு. எனக்கு வந்திருப்பது கண்ணுக்குத் தெரியாத ஓர் ஒட்டுண்ணி. கண்ணாடித் துண்டில் நெளிவது தெரிகிறதாம். "நிறத்தப் பாத்து நாமளே முடிவு பண்ணவும் முடியாதும்மா. சோதிச்சுப் பாத்தாத்தான் தெரியும். ஒண்ணோட இன்னொண்ணு சேந்தும் இருக்கும்" என்றார். மறு வாரம் போனபோது, குழாயில் போட்டு அனுப்பியதன் முடிவு வந்திருந்தது. இன்னொரு கிருமியும் இருந்தது. அது சத்தமே காட்டாதாம். ஆனால் விட்டுவைத்தால் மேலே ஏறிக் கருக்குழாயைக் கெடுத்துவிடுமாம்.

"ரெண்டும் உறவுல பரவுறது. அதனால வீட்டுக்காரரும் சாப்பிடணும். ரெண்டு பேரும் முடிக்கிறவரைக்கும் சேரக்கூடாது. நீங்க மட்டும் சாப்பிட்டா ஒரு பிரயோஜனமும் இல்ல, திரும்பி வரும். அவரையும் ஒரு தடவ கூட்டிட்டு வாங்க."

"அவருக்கு ஒண்ணும் இல்லியே டாக்டர்."

"ஆம்பிளைகளுக்குப் பெரும்பாலும் ஒண்ணும் தெரியாது."

எழுந்தவள் திரும்பவும் உட்கார்ந்தேன். "இது... யார்கிட்ட இருந்து யாருக்கு வந்திருக்கும்?"

டாக்டர் பேனாவை மூடினார். "அதச் சொல்ல முடியாதும்மா. எப்ப வந்துச்சுன்னும் சொல்ல முடியாது. பழி தேடாதீங்க. மருந்தச் சாப்பிடுங்க."

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும் மாமி பக்கத்து வீட்டுக்குப் போயிருந்தார். கணவர் கிட்டங்கியில் ஷீட்டுகளை வெளிச்சத்துக்கு எதிராகத் தூக்கிப் பிடித்துத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார். அவர் பங்கு மாத்திரைகளைக் கையில் வைத்துக்கொண்டு போய் நின்றேன். டாக்டர் சொன்னதை, சொல்ல முடிந்த அளவுக்குச் சொன்னேன்.

"எனக்கு ஒரு கேடும் இல்ல. நான் எதுக்கு மருந்து திங்கணும்?"

"ஆம்பிளையளுக்கு வெளிய தெரியாதாம்."

"தெரியாத சீக்குக்கு எவனாவது மருந்து திம்பானா?" ஷீட்டைக் கீழே போட்டார். "ஏட்டி, இது எனக்கு எப்பிடி வரும்? நீயில்லா தெனமும் பஸ்ஸுல போயிட்டு வாற. கண்ட கக்கூஸுலயும் போற."

"அப்பிடியெல்லாம் வராதாம்."

"பின்ன எங்கேருந்து வந்துதாம்?"

எனக்கு ஒன்று மட்டும் நிச்சயமாகத் தெரியும். கல்யாணத்துக்கு முன்னாலும் பின்னாலும் அவரைத் தவிர வேறு ஆள் எனக்கு இல்லை. அதை வாய்விட்டுச் சொன்னால் அடுத்த கேள்வியை அவரிடம் கேட்டதாகிவிடும். கேட்டால் இந்த வீடு நிற்குமா என்று பயந்தேன். மாத்திரைகளை ஷீட்டு அடுக்கின் மேல் வைத்துவிட்டு வந்தேன்.

என் மருந்தை நான் ஒழுங்காக முடித்தேன். நாற்றம் போயிற்று. எரிச்சல் போயிற்று. பேருந்தில் ஜன்னலோரமாக உட்கார்ந்தேன். பிள்ளைகளின் பக்கத்தில் குனிந்து நோட்டுத் திருத்தினேன். கொஞ்சநாள் மனுஷியாக இருந்தேன். நான் மாமியின் அறையிலேயே படுத்துக்கொண்டிருந்ததைப் பார்த்து, "பிணக்கமா மக்களே?" என்று அவர் கேட்டார். இல்லை என்றேன். ஒரு நாள் கணவர் வந்து கூப்பிட்டார்.

"மாத்திரை சாப்பிட்டியளா?" என்று கேட்டேன்.

"ம்" என்றார்.

அந்த "ம்"மை நம்பினேன். நம்பாமல் இருக்க எனக்கு வழியும் இல்லை. அடுத்த மாதம் மஞ்சள் திரும்பி வந்தது.

மறுபடியும் டாக்டரிடம் போக எனக்கு முகமில்லை. கணவர் சாப்பிட்டாரா என்று கேட்பார், என்ன சொல்வது? பழைய சீட்டைக் காட்டி என் பங்கு மாத்திரையை மட்டும் கடையில் வாங்கிச் சாப்பிட்டேன். சரியானது போல இருக்கும். கணவர் அறைக்குக் கூப்பிடுவார். வேண்டாம் என்றால், "அப்ப என்னப் பத்தி நீ நெனச்சத மாத்தல்ல" என்பார். அதற்கு மேல் மறுக்க என்னால் முடியாது. பிறகு மறுபடியும் வரும். இதற்கு நடுவில் அடிவயிற்றில் ஒரு வலி தங்கத் தொடங்கியது. மாதவிலக்கு இல்லாத நாளிலும் திட்டுத் திட்டாகச் சிவப்பு பட்டது. சேரும்போது உள்ளே யாரோ முஷ்டியால் குத்துகிற மாதிரி இருந்தது. பல்லைக் கடித்துக்கொள்வேன்.

மறு வருடம் அரையாண்டுத் தேர்வில் மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தபோது குளிரத் தொடங்கியது. மின்விசிறியை நிறுத்தச் சொன்னேன். பிள்ளைகள் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்கள். அதற்குப் பிறகு நினைவிருப்பது ஆட்டோவின் கூரைதான். தலைமையாசிரியை என் தலையை மடியில் வைத்துக்கொண்டு, காய்ச்சல் கொதிக்கிறது என்று யாரிடமோ போனில் சொல்லிக்கொண்டிருந்தார்.

அதே பெண் டாக்டரிடம்தான் கொண்டுபோனார்கள். அவர் அடிவயிற்றை அழுத்தியதும் நான் கத்திய கத்தல் வெளியே கணவருக்குக் கேட்டிருக்கிறது. ஸ்கேன் எடுத்தார்கள். தொற்று கருப்பையைத் தாண்டி மேலே போய்விட்டது, குழாய்ப் பக்கம் சீழ் கட்டியிருக்கிறது என்றார்கள். கையில் ஊசி ஏற்றி, ஒன்று முடிந்தால் இன்னொன்று என்று மருந்து இறக்கினார்கள்.

கணவரைக் கட்டிலுக்குப் பக்கத்தில் வரச் சொல்லி டாக்டர் கேட்டார். "அன்னைக்கு உங்களுக்குக் குடுத்த மருந்த நீங்க சாப்பிட்டீங்களா?"

கணவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். வெளியே ஒன்றுமில்லை, பக்கத்துக் கட்டிடத்தின் சுவர்தான்.

"இல்ல" என்றார்.

டாக்டர் திட்டவில்லை. நர்ஸிடம் மாத்திரையும் தண்ணீரும் கொண்டுவரச் சொன்னார். கணவர் அங்கேயே நின்று, என் கண்ணெதிரில், அதை விழுங்கினார். அவ்வளவுதான் வேலை. ஒரு வாய்த் தண்ணீரோடு முடிகிற வேலை.

மாமி என்னோடு ஆஸ்பத்திரியில் தங்கினார். இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, காய்ச்சல் இறங்கி நான் கண்ணைத் திறந்து கிடந்தேன். மாமி என் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார். திடீரென்று, யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னார்.

"எனக்கும் இருந்துது மக்களே."

"என்னது மாமி?"

"இந்த மஞ்சளும் நாத்தமும். அவன் பிறந்த பிறவு வந்துது. அவனுக்க அப்பா அப்ப லாரியில போய்க்கிட்டிருந்தாவ. வலி வந்து ஒரு மாசம் கெடந்தேன். ஆசுபத்திரிக்கெல்லாம் யாரு கொண்டு போனா? வைத்தியர் வந்தாரு, அஸ்தியுருக்கம்ணாரு, கிழங்கு இடிச்சித் தந்தாரு. அதுக்குப் பிறவு எனக்கு ஒண்ணும் தங்கல்ல." காலைப் பிடிப்பதை நிறுத்தவில்லை. "எலும்பு உருகுனதுனாலதான் தங்கல்லண்ணு நான் இத்தன காலமும் நெனச்சிக்கிட்டிருந்தேன். ஒனக்கு அப்பிடி வரப்பிடாதுண்ணுதான் மக்களே..."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். கோபப்பட யாராவது கிடைத்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. இந்தக் கையின் மேல் என்னால் கோபப்பட முடியவில்லை.

உடம்பு தேறிச் சில மாதம் கழித்துக் குழாய்ப் பரிசோதனை செய்தார்கள். உள்ளே சாயத்தைச் செலுத்தி எக்ஸ்ரே எடுப்பது. டாக்டர் படத்தை வெளிச்சத்தில் வைத்து விரலால் காட்டினார். கருப்பை வெள்ளையாகத் தெரிந்தது. அதன் இரண்டு பக்கமும் சாயம் கொஞ்ச தூரம் போய், பை மாதிரி வீங்கி, அங்கேயே நின்றிருந்தது. கணவர் என் பக்கத்தில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அவரும் வெளிச்சத்தில் பிடித்துத் தரம் பார்த்தே பழகியவர். இதில் என்ன தரம் என்று அவருக்குப் புரிந்துதான் இருக்கும்.

"ரெண்டுமே அடச்சிருக்கு" என்றார் டாக்டர். "இயற்கையா தங்க வழியில்ல. சோதனைக் குழாய் முறைக்குப் போகலாம். அதுக்கு முன்னால இந்த வீங்கின குழாய்கள எடுக்க வேண்டியிருக்கும். இதுல இருக்க நீர் உள்ள வடிஞ்சா, வைக்கிற கருவும் நிக்காது."

ஊருக்கு இதெல்லாம் தெரியாது. ஊருக்குத் தெரிந்தது, டீச்சருக்குப் பிள்ளை இல்லை என்பது மட்டும்தான். எங்கள் வீட்டில் மாதாந்திர ஜெபக்கூட்டம் வந்த முறை, கூடம் நிறைய ஆட்கள் இருந்தார்கள். பாட்டு முடிந்ததும், கூட்டத்தை நடத்தியவர், கர்ப்பத்தின் கனிக்காகக் காத்திருக்கும் இந்தச் சகோதரிக்காக விசேஷமாக ஜெபிப்போம் என்றார். என்னை நடுவில் முழங்காலிடச் சொன்னார். பெண்கள் என் தலையிலும் தோளிலும் கை வைத்தார்கள். என்னிடம் உள்ள தடையை நீக்கும்படி உருக்கமாக, கண்ணீரோடு ஜெபித்தார்கள். அவர்கள் அன்பு பொய் இல்லை. அந்தக் கைகளின் சூடு எனக்கு இன்னும் தெரிகிறது.

நான் கண்ணை மூடவில்லை. கால்களுக்கும் சேலைகளுக்கும் இடையில் கணவரைப் பார்த்தேன். ஆண்கள் பக்கம், சுவரோரமாக, தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். அவர் எழுந்து வந்து என் பக்கத்தில் முழங்காலிடுவார் என்று எதிர்பார்த்தேன். எதுவும் பேச வேண்டாம், பக்கத்தில் வந்தால் போதும் என்று நினைத்தேன். அவர் வரவில்லை. ஆமென் சொல்லும்போது அவர் குரலும் கேட்டது.

எல்லோரும் போன பிறகு பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தோம். மாமி அடுக்களையில் இருந்தார்.

"அன்னைக்கு எதுக்கு அதச் சாப்பிடல்ல?" என்று கேட்டேன். முதல் தடவையாகக் கேட்டேன். "வெறும் மாத்திரதானே?"

அவர் பாயின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "தின்னா நான் ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிருமே" என்றார்.

"எத ஒத்துக்கிட்ட மாதிரி?"

கோட்டயமா, லாரியில் போன வழியா, கல்யாணத்துக்கு முன்னால் எப்போதோவா, எனக்குத் தெரியாது. அவர் பாயை என் கையில் தந்துவிட்டுக் கிட்டங்கிக்குப் போனார். அங்கே ஷீட்டுகளை ஓர் அடுக்கிலிருந்து எடுத்து இன்னோர் அடுக்கில் வைக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நான் பின்னால் போகவில்லை.

என் உயிரே போனாலும் இனி இந்த மனிதரோடு இல்லை என்று அன்றைக்கு நினைத்தேன். அப்பா வீட்டுக்குப் போனேன். ஒரு வாரம் இருந்தேன். எதற்காக வந்தாய் என்று அம்மா கேட்டபோது என்னிடம் சொல்லக்கூடிய காரணம் ஒன்றும் இல்லை. குடிக்கிறாரா, அடிக்கிறாரா, சம்பாதிக்கவில்லையா? எதற்கும் இல்லை என்பதுதான் பதில். என்னிடம் இருந்த காரணத்துக்கு அந்த வீட்டில் பெயர் கிடையாது. கணவர் வந்து கூப்பிட்டார், திரும்பி வந்தேன்.

திருவனந்தபுரத்தில் குழாய்கள் இரண்டையும் எடுத்தார்கள். அதற்குப் பிறகு ஊசிகள், ஸ்கேன்கள், மயக்க மருந்து. கணவர் ஒரு நாள்கூடத் தவறாமல் கூட வந்தார். ஊசி போடும் நேரத்துக்கு போனில் அலாரம் வைத்தார். வண்டியில் என் முதுகுக்குத் தலையணை வைத்தார். இந்தக் கவனிப்பில் ஒரு பங்கு முன்பே இருந்திருந்தால் என்று நினைக்காமல் என்னால் அதை வாங்கிக்கொள்ள முடியவில்லை. அவருக்கும் அது தெரியும் என்றே நினைக்கிறேன். கருவை வைத்து அனுப்பினார்கள். நான் மாடிப்படி ஏறவில்லை, குனியவில்லை, சத்தமாகப் பேசவில்லை. பள்ளியில் உட்கார்ந்தே பாடம் நடத்தினேன்.

ரத்தப் பரிசோதனை முடிவு ஆசிரியர் அறையில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் போனில் வந்தது. அந்தப் பக்கம் பேசிய பெண் மலையாளம் கலந்த தமிழில் இரண்டு முறை சாரி சொன்னாள். பரவாயில்லை என்று நான் அவளைத் தேற்றினேன்.

கணவருக்கு போன் செய்து சொன்னேன்.

"சரி" என்றார். பிறகு, "நீ பஸ்ஸுக்கு நிக்காண்டாம். நான் வாறேன்" என்றார்.

மாலையில் பள்ளி வாசலில் வண்டியோடு நின்றார். முகம் கழுவியிருந்தார். கண் சிவந்திருந்தது. வழியில் ஓரிடத்தில் வண்டியை ஓரமாக நிறுத்தி, ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார். அவர் முதுகில் கை வைக்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது. கை எழவில்லை. எங்களைத் தாண்டிப் போன வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அவரே நிமிர்ந்து வண்டியை எடுத்தார்.

மாமி வாசலிலேயே நின்றிருந்தார். "என்ன சொன்னாவ?" என்றார்.

"இல்லண்ணு சொல்லியாச்சு அம்மா" என்றார் கணவர்.

மாமி என் தோளிலிருந்த பையை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். கஞ்சி ஆறிவிட்டது என்று அடுப்பில் வைத்துத் திரும்பச் சூடாக்கினார். மூன்று பேரும் உட்கார்ந்து குடித்தோம்.